ஓவேலிக்கு வேலி இல்லை

ஓவேலி என்ற பெயரைக் கேட்டால், அங்கே ஏதோ பிரமாண்டமான வேலி இருக்கிறது, அதைப் பார்த்து யாரோ ‘ஓ!’ என்று வாயைப் பிளந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். விஷயம் வேறு. 1840களில் நீலகிரியை அளந்து கணக்கெடுத்தவர் ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர். அவருடைய சகோதரர் கூடலூருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் காடு திருத்திக் காப்பித் தோட்டம் போட்டார். ஊர் ‘ஆக்டர்லோனி வேலி’ ஆனது. ‘வேலி’ என்றால் இங்கே பள்ளத்தாக்கு. அந்தப் பெயரை நாக்கில் வைத்து யார் மல்லுக்கட்டுவது? நம் ஜனங்கள் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு, வாய்க்கு வசதியாக ‘ஓவேலி’ என்று வைத்துக்கொண்டார்கள்.

காப்பி போய்த் தேயிலை வந்தது. துரைமார்கள் போய் மேனேஜர்கள் வந்தார்கள். ஜன்மி நிலமா, காடா, பட்டாவா என்ற வழக்குகள் வந்தன, இன்னும் முடியவில்லை. இது எதையுமே சட்டை செய்யாமல், ஆக்டர்லோனிக்கு முன்பிருந்தே அந்த வழியாக நடந்துகொண்டிருப்பவை யானைகள் மட்டும்தான்.

இப்போது அந்த மலைக்கு இன்னொரு வாயில் நுழையாத பெயர் ஏறி வந்திருக்கிறது. ‘அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம்’. சுருக்கமாக ‘அடாஸ்’. புதுக் கார் வாங்கிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் ‘நம்ம வண்டியில அடாஸ் இருக்கு சார்’ என்பார்கள். முன்பெல்லாம் ‘நம்ம வண்டியில ஏசி இருக்கு’ என்பார்களே, அதே தோரணை!

என் மனைவியின் தம்பி திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறார். அவரிடமும் அப்படி ஒரு கார் வந்து சேர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அலுவலக நண்பர் ஒருவரின் தங்கை கல்யாணத்துக்காக நான் ஓவேலி போக வேண்டியிருந்தது. ‘பஸ்ஸுல எதுக்குங்க மாமா? நம்ம வண்டி இருக்குதில்ல... நான் கூட்டிட்டுப் போறனுங்க’ என்றார். புதுக் கார் வாங்கியவர்களின் அன்பு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 2024 மே மாதத்திலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும். அதையும் அவரே எடுத்துவிட்டார்.

அவிநாசி தாண்டி ஆறு வழிச் சாலையில் ஏறியதும் டெமோ ஆரம்பமானது.

ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அழுத்தினார். வேகம் 80 என்று வைத்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனால் இதுவும் மெதுவாகிறது. லாரி விலகினால் இதுவும் வேகம் பிடிக்கிறது. கோட்டை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால், வகுப்பில் தூங்கும் பையனின் காதைப் பிடித்துத் திருப்பும் வாத்தியார் மாதிரி, ஸ்டீயரிங்கே மெல்லத் திரும்பி நடுவுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

‘எப்படீங்க மாமா?’ என்றார். அவரே செய்தது போல முகத்தில் அவ்வளவு பெருமை.

எப்படித்தான் செய்கிறது? நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முன் கண்ணாடியில், உள்ளே தொங்கும் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. அது ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டையும், முன்னால் போவது காரா, பைக்கா, ஆளா என்பதையும் பார்க்கிறது. பம்பரில் ஒரு ரேடார். முன்னால் இருப்பது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அது அளக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து, ‘இப்படியே போனால் இன்னும் ரெண்டு செகண்டில் இடிப்போம்’ என்று கணக்கு வந்தால் முதலில் கத்துகிறது. நாம் கேட்காவிட்டால் தானே பிரேக் போடுகிறது. அவ்வளவுதான். இதற்குப் படிக்கட்டு மாதிரி 0 முதல் 5 வரை வரிசை வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் படி என்றால் டிரைவரே வேண்டாம். நம் ஊரில் விற்கிற கார்கள் அதிகபட்சம் இரண்டாம் படியில் நிற்கின்றன. அடாஸ் 2020ல் எம்ஜி குளோஸ்டரில் வந்தது. அடுத்த வருடம் மகிந்திராவின் எக்ஸ்யூவி 700ல் வந்தது. அதற்குப் பிறகு பத்து, பதினைந்து லட்ச ரூபாய் வண்டிகளுக்கும் இறங்கிவிட்டது. இரண்டாம் படி என்பதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டி உதவி செய்யும். பொறுப்பு முழுக்க உங்களுடையது. இடித்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போவது ரேடார் இல்லை.

இந்தச் சமாசாரத்துக்கெல்லாம் பாட்டன் ‘குரூஸ் கன்ட்ரோல்’. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க இன்ஜினீயருக்கு ஐந்து வயதிலிருந்தே கண் தெரியாது. அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் மெதுவாகவும், பேச்சை நிறுத்தினால் வேகமாகவும் போவாராம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி வெறுத்துப்போய்த்தான் இதை யோசித்தார் என்று சொல்வார்கள். 1950ல் பேடன்ட் வாங்கினார். 1958ல் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் வைத்தது. வண்டிக்குக் கண் வைக்கிற வேலை, கண் இல்லாத ஒருவரிடமிருந்து ஆரம்பித்திருக்கிறது!

இதை நான் சொன்னபோது மச்சினர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

‘நான் இந்த வண்டிய ஷோக்குக்கு வாங்கலீங்க மாமா.’

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருடைய தொழில் கூட்டாளி இறந்து போனார். சென்னையிலிருந்து ராத்திரியில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவர், சங்ககிரிப் பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டார். லாரிக்குப் பின் விளக்கு எரியவில்லை. அவருக்குக் கண் அசந்துவிட்டது. இரண்டில் எது காரணம் என்று சொல்ல ஆள் இல்லை. கொடோனில் நான்கு நாள் சரக்கு அப்படியே கிடந்தது என்று சொல்லும்போது மச்சினரின் குரல் மாறிவிட்டது. ‘அன்னிக்கு அவன் வண்டியில இது இருந்திருந்தா, ஒரு பீப் சத்தமாவது போட்டிருக்குமில்லீங்க?’

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? 2022ம் வருடம் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். தானாகப் பிரேக் போடும் வசதி இருந்தால், பின்னால் போய் மோதும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றன என்று அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். அவர்கள் காசு அது.

ஆகவே, ‘அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி வருமா?’ என்று பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் நான் இல்லை.

மேட்டுப்பாளையம் தாண்டினோம். பர்லியாறு வழியாக ஏற ஆரம்பித்ததும் காரின் சுபாவம் மாறியது.

மலை ரோட்டில் கோடு இருக்கும் இடத்தில் கோடு இருக்கும். இல்லாத இடத்தில் தார் மட்டும் இருக்கும். சில இடத்தில் அதுவும் இருக்காது. கோட்டைக் காணோம் என்றதும், டேஷ்போர்டில் பச்சையாக இருந்த அடையாளம் வெளுத்துப் போனது. ‘என்னால முடியல, நீயே பாத்துக்கோ’ என்று அர்த்தம். பைக்காரா தாண்டி நடுவட்டத்தில் பனிமூட்டம். ‘கேமரா மறைக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதில் தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் யோக்கியதை எத்தனை மனிதர்களுக்கு இருக்கிறது?

சிக்கல், தெரியும் என்று அது நினைத்த இடத்தில் வந்தது. கூடலூருக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவு. எதிரே ஒரு பஸ், அதன் பாதையில் ஒழுங்காகத்தான் ஏறி வந்தது. ஆனால் வளைவில் நம் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்? நேராக அந்த பஸ்ஸைப் பார்த்துத்தான்! திரும்பப் போகிறோம் என்பது மச்சினருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பஸ் டிரைவருக்கும் தெரியும். காருக்கு மட்டும் தெரியாது. வீல் என்று கத்திவிட்டு நடு வளைவில் பிரேக்கை அமுக்கியது. பின்னால் காரட் மூட்டை ஏற்றி வந்த பிக்கப் வேன் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. வேன்காரர் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சில கருத்துகள் சொன்னார். எழுத முடியாது.

‘மலை ரோட்டுக்கு இதை நம்பாதே’ என்று எல்லாக் கம்பெனிகளும் புத்தகத்தில் அச்சடித்துத்தான் கொடுக்கின்றன. வளைவு, ஏற்ற இறக்கம், பனி, மழை, அழிந்த கோடு... விலக்குப் பட்டியல் நீளமாகப் போகிறது. அதைப் படித்தால் நீலகிரி மாவட்டத்தின் வர்ணனை மாதிரியே இருக்கும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்பது மலைக்காரர்களின் பாலபாடம். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கியரை மறந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். தேய்ந்து தேய்ந்து பிரேக் பழுக்கக் காய்ந்து, கடைசியில் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப் பாதையில் இப்படித்தான் பல உயிர்கள் போயின. வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கூடாது என்று தடை போட்டதும் அதனால்தான். கார் தானாகப் போடுகிற எமர்ஜென்சி பிரேக்கும் அதே பிரேக்கைத்தானே அமுக்க வேண்டும்? அது காய்ந்து கிடந்தால் ரேடார் பார்த்து என்ன, கேமரா பார்த்து என்ன?

கூடலூரில் நண்பரின் சித்தப்பா காத்திருந்தார். காரை மேலும் கீழும் பார்த்தார். ‘வண்டி ரொம்ப ஜோரா இருக்கு. இங்கேயே நிக்கட்டும். பொழுது சாயுது. ஜீப்பில் போயிடுவோம்’ என்றார்.

மச்சினருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த ஜீப்புக்கு என் மகள் வயதைப் போல இரண்டு மடங்கு வயது இருக்கும். அடாஸ் கிடையாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கக் கதவே கிடையாது. ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய அப்பா, 1964ல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, பிறந்து வளர்ந்த இலங்கை மலைத் தோட்டத்தை விட்டுவிட்டு, கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர். இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கம் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலை பயிரிட்டது. ‘டான்டீ’ என்று சொல்வார்களே, அது. ‘அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து சார். அங்க ஆனை குறைவு, அதான் வித்தியாசம்’ என்றார் அண்ணன்.

பேசிக்கொண்டே வந்தவர், ஒரு வளைவுக்கு முன்னால் இன்ஜினை அணைத்தார். நாங்கள் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தோம். அவர் கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அரை நிமிடம். பூச்சிகளின் சத்தம் மட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

‘என்னண்ணே பார்த்தீங்க?’

‘பாக்கல சார், கேட்டேன். மூங்கில் ஒடியுற சத்தம் கேட்டா வளைவுல போகப்படாது. சில நாளைக்கு வாசனை வரும். ரோட்டுல கிடக்கிற சாணியில ஆவி பறந்தா பக்கத்துலதான் நிக்குதுன்னு அர்த்தம். லயத்துல நாயெல்லாம் ஒரே பக்கமாப் பாத்துக் குரைக்கும். எல்லாத்துக்கும் மேல இது இருக்கு.’ சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று தகவல் சொல்லும் வாட்ஸ்அப் குரூப். எல்லமலைக்காரர் ஒருவர் பத்து நிமிடத்துக்கு முன்னால் குரலில் பேசி அனுப்பியிருந்தார்.

மச்சினர் மெதுவாகக் கேட்டார். ‘ஏனுங்ண்ணா, எங்க வண்டியா இருந்தா, ஆனை குறுக்க வந்தா அதுவே பிரேக் போட்டிருமுங்க.’

அண்ணன் சிரித்துவிட்டார். ஏளனமான சிரிப்பு இல்லை. ‘நிப்பாட்டறது பெரிசு இல்லீங்க தம்பி. எங்க நிப்பாட்டறோம்கிறதுதான். பக்கத்துல போய் டக்குன்னு நின்னீங்கன்னா அது மிரண்டுடும். தூரத்துலேயே நிக்கணும். ஹாரன் அடிக்கப்படாது. லைட்ட ஏத்தி இறக்கப்படாது. போற வழிய விட, ரிவர்ஸ்ல வர்ற வழிய நல்லா ஞாபகம் வச்சுக்கணும். அது உங்க வண்டிக்குத் தெரியுமா?’

தெரியாது. இந்த வண்டிகள் எதைப் பார்க்கக் கற்றுக்கொண்டனவோ அதைத்தான் பார்க்கும். சுவீடனில் வால்வோ கம்பெனிக்காரர்கள் பெரிய மிருகங்களைக் கண்டுபிடிக்கும் வசதி ஒன்றை உருவாக்கினார்கள். அங்கே ரோட்டில் குறுக்கே வருவது எல்க் என்ற பெரிய மான் ஜாதி. அதை வைத்துப் பழக்கினார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காருவிடம் மாட்டிக்கொண்டார்கள். மிருகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தரையை வைத்துத்தான் அந்தக் கருவி கணக்குப் போடும். கங்காரு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகத் தெரியும். தரையில் குதித்ததும் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தெரியும். 2017ல் அந்தக் கம்பெனியே இதை வெளிப்படையாகச் சொன்னது. எல்க்கைப் படித்த பிள்ளை கங்காரு பரீட்சையில் தடுமாறுகிறது! ஓவேலியின் இருட்டில், தேயிலைச் செடிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே, மண்ணைப் பூசிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கும் கொம்பனை எந்தப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கும்?

யானையாவது பெரியது. அண்ணன் அடுத்ததாகக் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

‘சரிங்க தம்பி, ஆனைய விடுங்க. எங்க ஆளுங்களப் பாக்குமா அந்த வண்டி?’

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். தோட்ட வேலை முடித்து நான்கைந்து பெண்கள் ரோட்டோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பழைய ஸ்வெட்டர், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாள். ஒருவர் தலையில் அவர் உயரத்துக்குப் பாதி இருக்கும் விறகுக் கட்டு. தெரு விளக்கு இல்லை. நடைபாதை என்ற பேச்சே இல்லை. ஜீப்பின் மங்கல் வெளிச்சத்தில் எனக்கே அவர்கள் அருகில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. அண்ணன் நூறு அடிக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருந்தார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் நடந்து வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதில் ஒருவர் அவருடைய அண்ணி.

முன்பு சொன்னேனே, அதே அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2022ல் நடந்து போகிறவர்களைப் பற்றியும் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆளைப் பார்த்துத் தானாகப் பிரேக் போடும் கார்கள் பாதசாரிகள் மேல் மோதுவது 27 சதவீதம் குறைகிறதாம். நல்ல செய்திதான். ஆனால், தெரு விளக்கு இல்லாத இருட்டுச் சாலைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த வசதி இருக்கிற காருக்கும் இல்லாத காருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. விளக்குப் போட்ட ஊரில்தான் அதற்குக் கண் தெரிகிறது.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், தானே ஓடும் காரைச் சோதனை ஓட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி நேரம். ஒரு பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். சைக்கிளின் கைப்பிடியில் பைகள். கருவி அவரைப் பார்க்காமல் இல்லை. மோதுவதற்கு ஐந்து செகண்டுக்கு மேல் இருக்கும்போதே பார்த்துவிட்டது. ஆனால் வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. மாற்றி மாற்றிப் பெயர் வைத்துக்கொண்டிருந்ததே தவிர, அங்கே ஒரு மனுஷி என்று கடைசிவரை அது கணக்கில் எடுக்கவில்லை. உள்ளே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் செல்போனில் இருந்தார். அந்தப் பெண்மணி இறந்து போனார். பை மாட்டிய சைக்கிளுக்கே இந்தத் திணறல் என்றால், விறகுக் கட்டு சுமந்த அண்ணிக்கு என்ன பெயர் வைக்கும்?

அன்று ராத்திரி மச்சினர் ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். மறுநாள் காலையில் ஷிப்மென்ட். ‘தூக்கம் வந்தா வண்டி எழுப்பி விட்டுருமுங்க மாமா’ என்று வரும்போதே சொல்லியிருந்தார். எனக்கு அதில்தான் பயம். நண்பரின் சித்தப்பாவும் நானுமாகப் பேசி அவரை நிறுத்தி வைத்தோம். கல்யாண வீட்டு மொட்டை மாடியில் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாதி ராத்திரிவரை இதையே பேசினோம்.

அக்கவுன்டன்சியில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினால் வருடா வருடம் மதிப்புக் குறையும். எழுதியே ஆக வேண்டும். மனிதனின் திறமைக்கும் தேய்மானம் உண்டு. ஒரு வித்தியாசம், மெஷின் ஓடினால் தேயும்; திறமை ஓடாவிட்டால் தேயும். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் ஆய்வாளர் 1983லேயே இதை எழுதிவிட்டார். சுலபமான வேலையை எல்லாம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, அதனால் முடியாத கஷ்டமான நொடியை மட்டும் மனிதனுக்கு விட்டுவைக்கிறோம். அந்த நொடி வரும்போது அவனுக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும் என்றார். 2009 ஜூன் 1ந் தேதி ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தது அப்படித்தான். வேகம் காட்டும் குழாயில் பனி அடைத்தது. ஆட்டோபைலட் ‘நீயே பாத்துக்கோ’ என்று விலகிக்கொண்டது. திடீரென்று கைக்கு வந்த விமானத்தைப் பைலட்டுகளால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

‘அப்படீன்னா இதெல்லாம் வேண்டாங்கிறீங்களா மாமா?’

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன், சங்ககிரி லாரியைப் பற்றிக் கேட்ட பிறகு?

நம் பக்கத்திலேயே சரியாகச் செய்த உதாரணம் இருக்கிறது. வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்தில் யானை நிற்பது தெரியாமலேயே போய் மாட்டிக்கொண்டவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும், வனத்துறையோடும் எஸ்டேட்காரர்களோடும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். 2011ல் இருந்து யானை இருக்கும் இடத்தை எஸ்எம்எஸ்ஸில் சொன்னார்கள். மேடான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை வந்தால், ஊர்க்காரர் யாராவது செல்போனில் ஒரு கால் போட வேண்டும், விளக்கு எரியும். பஸ் டிரைவரும் பார்ப்பார், நடந்து போகும் கிழவியும் பார்ப்பார். 2015ல் ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது. மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாமல் இருக்க, 2024 பிப்ரவரியில் 7 கோடியே 24 லட்ச ரூபாய் செலவில் வனத்துறை வைத்த கேமராக்களும் இதே வழிதான். யானையைப் பார்த்ததும் செய்தி மனிதர்களுக்குப் போகிறது, ரயில் மெதுவாகிறது.

அதுவும் டிரைவருக்கு உதவிதானே? அடாஸ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கார் வைத்திருப்பவருக்குக் கிடைக்கிற அதே எச்சரிக்கை, கார் இல்லாதவருக்கும் கிடைக்கிறது. பதினெட்டு லட்ச ரூபாய் காருக்குள் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற ரேடார், கேமரா, ஏர்பேக் எல்லாம் இருக்கின்றன. விறகுக் கட்டு சுமந்து வரும் அண்ணிக்கு இருப்பது டிரைவரின் கவனம் ஒன்றுதான். அதை மெஷினிடம் அடகு வைத்தால் அவருக்கு வேறு நாதி இல்லை.

மச்சினர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘நாளைக்கு வெளிச்சம் வந்து போலாமுங்க’ என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அவரிடமிருந்து போன். சேலம் போய்விட்டுத் திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பவானி பக்கம். பின் விளக்கு எரியாத ஒரு லாரி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

‘வண்டி பிரேக் போட்டுச்சா?’ என்றேன் பதறிப்போய்.

‘பீப் அடிச்சுதுங்க மாமா. ஆனா...’ கொஞ்சம் நிறுத்தினார். ‘அப்ப என் கால் ஏற்கெனவே பிரேக் மேல இருந்துச்சுங்க. யாரு முதல்ல பாத்ததுன்னு தெரியலீங்க.’

இரட்டைப் பதிவு என்று காலேஜில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே கணக்கை இரண்டு பக்கமும் எழுதினால்தான் தப்பு கண்ணில் படும். ஒரு பக்கம் எழுதிவிட்டோமே என்று இன்னொரு பக்கத்தைக் காலியாக விட்டால் அது கணக்கே இல்லை.

அவர் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், ரோட்டை விட்டு இறக்கித் தன் காரை நிறுத்தி, நான்கு பக்க விளக்கையும் மின்ன விட்டிருக்கிறார். லாரி டிரைவரைத் தட்டி எழுப்பி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

‘பின்னால வர்ற வண்டியில பீப் இருக்குமோ இருக்காதோங்க மாமா’ என்றார்.